ஒரே கொத்தில் இரண்டு நிறம்

ஊதா ஓடி முடியும்வரை பொறுக்க வேண்டும். ஓடி முடிந்தபின் ஒரு நொடிகூடப் பொறுக்கக் கூடாது. கிருமிகளுக்குச் சாயம் ஏற்றும் வேலையில் கைப்பக்குவம் என்று சொல்ல இருப்பது இவ்வளவுதான். இரண்டாவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாவதுதான் பிறந்ததிலிருந்தே வராத ஒன்று.

மருத்துவமனையின் ஆய்வகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். லிஃப்ட் வருவதற்குள் பொத்தானை அழுத்தி அழுத்தி அதன் எழுத்தையே அழித்துவிட்டாள். யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டால், எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் தானே சொல்லி, அந்தப் பதிலுக்காக அவரிடம் கோபித்துக்கொண்டும் முடித்திருப்பாள்.

அன்று காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள், எடுத்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், மறுபடியும் வைத்தாள். மேசைக்கு அடியில் வலது கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தது தம்பியின் முழங்காலை. சரியாகச் சொன்னால், முந்தைய நாள் எலும்பு டாக்டர் அந்த முழங்காலிலிருந்து ஊசியால் உறிஞ்சியெடுத்த கலங்கலான நீரை.

தம்பி வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கூட்டாளிகள் அவனைச் சுண்ணாம்பு என்பார்கள். சில வாரங்களுக்கு முன் ஏணியின் ஆணி முழங்காலைக் கிழித்தது. துணியைக் கட்டிக்கொண்டு அவன் மிச்சச் சுவரையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினான். பிறகு காய்ச்சல் வந்தது, விட்டது, மறுபடி வந்தது. கால் பந்துபோல் உருண்டபின் அவளே அவனை இழுத்துக்கொண்டு வந்து வார்டில் போட்டாள். கூட வேலை செய்பவள் விடுப்பில் இருந்ததால் மாதிரியும் அவள் கைக்கே வந்தது.

கண்ணாடிச் சில்லின் மேல் திராட்சைக் கொத்துபோல் உருண்டைக் கிருமிகள் தெரிந்தன. அது பிரச்சினையில்லை. காயத்தின் வழியே மூட்டுக்குள் நுழைவதில் கைதேர்ந்த கூட்டம்தான் அது. ஆனால் அந்தக் கூட்டம் சாயம் ஏற்றினால் ஊதாவாக நிற்க வேண்டும். இங்கே ஒரே கொத்தில் சில ஊதா, சில சிவப்பு. ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் வேறு சாடையில் பிறந்ததுபோல.

அவள் எழுந்து ஓடினாள். ஆய்வகத்தின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடும் கிருமியியல் மருத்துவர் தேநீர் ஆறட்டும் என்று காத்திருந்தார். அவர் எதையும் ஆறவிட்டுத்தான் தொடுவார்.

"டாக்டரம்மா, தம்பியோடது. ஒரே கொத்துல ரெண்டு நிறம். கிருமிதான், நல்லாத் தெரியுது, வந்து பாருங்க, வேணாம் நான் இங்கயே எடுத்துட்டு வர்றேன்."

"நில்லு. ஓவராக் கழுவிட்டியா?"

"இல்ல டாக்டரம்மா."

"போன மாசமும் இல்லன்னுதான் சொன்ன."

போன மாதம் அவள் ஓவராகத்தான் கழுவியிருந்தாள். சாயம் ஏற்றுவதில் எல்லாம் அந்தக் கழுவலில்தான் இருக்கிறது. முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின். இரண்டும் கிருமியின் உள்ளே சேர்ந்து கட்டியாகிவிடும். அதன் மேல் ஆல்கஹாலை ஊற்றும்போதுதான் யார் யார் என்று தெரியும். ஒரு வகைக் கிருமிக்குச் சுவர் தடிமன். வலைமேல் வலை போட்டுப் பின்னியது. ஆல்கஹால் பட்டதும் வலையின் கண்கள் சுருங்கி ஊதாவை உள்ளேயே சிறைவைத்துவிடும். இன்னொரு வகைக்குச் சுவர் மெலிசு. அதற்கு வெளியே கொழுப்பாலான ஒரு சவ்வு போர்த்தியிருக்கும். ஆல்கஹால் அந்தச் சவ்வைக் கரைத்துவிட, ஊதா மொத்தமும் வழிந்து வெளியேறும். கடைசியாக ஊற்றும் சிவப்புச் சாயம் அந்த வெற்று உடம்பில் ஏறிக்கொள்ளும். ஆனால் அவசரக்காரர் ஆல்கஹாலைக் கண்டபடி ஊற்றினால், தடித்த சுவரும் எத்தனை நேரம்தான் தாங்கும்? ஊதாவாக நிற்க வேண்டியவையும் சிவப்பாகத் தெரியும். ஒரு சில்லு முழுக்கப் பொய் சொல்லும்.

"கூடவே கன்ட்ரோல் வச்சியா?" என்றார் டாக்டரம்மா.

கன்ட்ரோல் என்பது காவல் சாட்சி. கட்டாயம் ஊதாவாகும் ஒரு கிருமியையும், கட்டாயம் சிவப்பாகும் ஒரு கிருமியையும் அதே சில்லில் இரு ஓரமும் தடவிவைப்பது. அவை இரண்டும் சரியாக வந்தால் கழுவிய கை சரி.

"அவசரத்துல..."

"அந்த விதியைச் சுவத்துல எழுதி ஒட்டினதே நீதான். கோணலா வேற ஒட்டியிருக்க."

"தம்பின்னதும் கை ஓடல டாக்டரம்மா."

"ஓடாம இருந்தாத்தான் நல்லது, ஓடினதுதான் பிரச்சினை." டாக்டரம்மா கோப்பையைத் தள்ளிவைத்தார். "கேளு. கிருமி வளருதான்னு வச்ச தட்டுல ஒண்ணும் முளைக்கல. மூட்டு நீர்ல சீழ் அணுக்களும் எதிர்பார்த்த அளவுக்கு இல்ல. எலும்பு டாக்டர் இதை வாத வீக்கம்னு நினைக்கறார். மதியம் ரவுண்ட்ஸ் வரும்போது மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடறதா இருக்கார்."

அவளுக்கு அந்த ஊசியைத் தெரியும். வீக்கத்தை நன்றாகவே அடக்கும். கூடவே, கிருமியோடு மல்லுக்கட்டும் உடம்பின் ஆட்களையும் அடக்கி உட்காரவைத்துவிடும். உள்ளே கிருமி இருக்கும்போது அதைப் போட்டால், காவலாளியின் கையைக் கட்டிவிட்டுத் திருடனிடம் சாவியைக் கொடுத்த கதைதான். மூட்டு அரித்துப்போகும். அதன் பிறகு கால் மடங்காது. கால் மடங்காதவன் ஏணியில் எப்படி ஏறுவான்?

"கிருமி இருக்குன்னு சொல்லிடுங்க டாக்டரம்மா."

"எதை வச்சு? ஊசி குத்தும்போது தோல்ல இருந்த குப்பை வந்திருக்கும், அதையும் உங்க லேப் பொண்ணு தாறுமாறாக் கழுவியிருக்கும், அப்படிம்பார். அவர் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்." சற்று நிறுத்தி, "மிச்சம் இருக்கா?" என்றார்.

குழாயின் அடியில் இருந்தது. ஒரே ஒரு சொட்டு.

அந்தச் சொட்டைப் புதுச் சில்லின் நடுவில் வைத்தாள். இடது ஓரத்தில் ஊதாவாக வேண்டிய கிருமி, வலது ஓரத்தில் சிவப்பாக வேண்டியது. இனி மூன்றும் தானாகக் காய வேண்டும். தீயில் காட்டிக் காயவைக்கலாம். ஆனால் ஈரத்தோடு சூடுபட்டால் கிருமியின் சுவர் வெடிக்கும், பிறகு அது எந்த நிறம் காட்டினாலும் சாட்சி செல்லாது. அவள் கை தானாக பர்னர் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். தொட்டியைத் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த தொட்டி. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். காலையில் முதல் சில்லைச் செய்யும்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள். தம்பி வார்டில் படுத்தபடி, "அக்கா, வலியை விடு, இந்தச் சுவருக்கு யார் இந்தக் கலர் அடிச்சான்?" என்று கேட்டதை. அதை நினைத்துக்கொண்டே ஊற்றியிருந்தால், எவ்வளவு ஊற்றினோம்?

தெரியவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னால் அவளால் பண்ண முடியாது. அதுதான் உறுத்தியது.

சில்லு காய்ந்தது. லேசாகச் சூடு காட்டினாள். ஊதா ஊற்றினாள், கழுவினாள். அயோடின் ஊற்றினாள், கழுவினாள். பிறகு சில்லைச் சாய்த்துப் பிடித்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சில்லின் கீழ் ஓரத்திலிருந்து ஊதா ஒரு நூலாக இறங்கித் தொட்டியின் வெள்ளையில் நெளிந்தது. போதும் என்றது கை. இன்னும் இல்லை என்றது கண். நூல் மெலிந்தது. மயிரிழை ஆனது. போதும் போதும் என்று கை துடித்தது. இழை அறுந்து வெறும் தண்ணீர்போல் ஓடியதும் குழாயைத் திறந்து சில்லை அதில் காட்டினாள். சிவப்பு ஊற்றிக் கழுவி ஒற்றியெடுத்தாள். நுண்ணோக்கியில் எண்ணெய்ச் சொட்டு விட்டுக் கண்ணை வைத்தபோதுதான் கால் ஆடாமல் இருப்பதைக் கவனித்தாள்.

இடது ஓரம்: சுத்த ஊதா. வலது ஓரம்: சுத்தச் சிவப்பு. நடுவில், தம்பியின் சொட்டில், அதே கொத்து. சில ஊதா, சில சிவப்பு. இப்போது நிதானமாகப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சிவப்பாக இருந்தவை ஊதியிருந்தன. இரண்டொன்று நிழல்போல் வெளிறி, ஓரம் கிழிந்திருந்தன.

டாக்டரம்மா வந்து குனிந்தார். அவர் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னால் நின்ற இவள் கட்டைவிரல் நகத்தைக் கடித்தே தீர்த்தாள்.

"உன் கை சரி," என்றார் கடைசியில், கண்ணை எடுக்காமலே.

"அப்போ?"

"அப்போ சுவர் சரியில்ல."

இருவருக்கும் ஒரே நேரத்தில் அது பிடிபட்டது. சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளின் வேலையே கிருமியைச் சுவர் கட்டவிடாமல் தடுப்பதுதான். பாதி கட்டிய சுவரால் ஊதாவைப் பிடித்துவைக்க முடியாது. தட்டில் ஏன் முளைக்கவில்லை என்பதற்கும், காய்ச்சல் ஏன் விட்டு விட்டு வந்தது என்பதற்கும் அதுவே காரணம். கிருமி அடிபட்டது, ஆனால் சாகவில்லை.

"மாத்திரை போட்டிருக்கான்," என்றாள். "ஆனா அட்மிஷன்ல கேட்டாங்களே! ஒண்ணும் சாப்பிடலன்னானே! நானும் கேட்டேனே டாக்டரம்மா!"

"நீ கேட்ட. பதில் சொல்ல விட்டியா?"

அவள் நினைத்துப் பார்த்தாள். 'மாத்திரை எதுவும் போட்டியா, போட்டிருக்க மாட்ட, நீதான் சொன்ன பேச்சைக் கேக்கற ஆளாச்சே, சரி காலை நீட்டு' என்று கேட்டிருந்தாள்.

டாக்டரம்மா தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தார். "எலும்பு டாக்டர் தியேட்டர்ல இருக்கார், எடுக்க மாட்டேங்கறார். நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன். நீ வார்டுக்குப் போய் என்ன மாத்திரைன்னு கேளு. பேர் தெரிஞ்சா அவரால தட்டிக்கழிக்க முடியாது. கேட்டுட்டு..." வாசலை அடைந்துவிட்டவளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேட்டுட்டு சும்மா இரு!"

வார்டில் தம்பி தலையணைமேல் காலை ஏற்றிவைத்துப் படுத்திருந்தான். பக்கத்து முக்காலியில் அவள் கணவன் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். வேகம் நாற்பதைத் தாண்டாதவன். வேனில் மட்டுமல்ல, வீட்டிலும். இவள் நூறில் போகும்போதெல்லாம் அவன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுப் பழகியவன். பத்து வருடக் குடித்தனம் அப்படித்தான் இடிக்காமல் ஓடியது.

"எக்ஸ்பிரஸ் வந்தாச்சு, மாமா. பிளாட்பாரத்துல தள்ளி நில்லுங்க," என்றான் தம்பி.

பக்கத்தில் நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தட்டில் பஞ்சு, கையுறை, சிறிய மருந்துக் குப்பி, நீண்ட ஊசி.

அவள் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்ன மாத்திரை போட்ட?"

"மாத்திரையா? என்னக்கா, நான்தான் அன்னைக்கே சொன்னேனே..."

அவன் நிறுத்தினான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் குறுக்கே பாய்வாள். அவள் பாயவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் ஒரு நூறு வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன. பல்லைக் கடித்து அத்தனையையும் உள்ளேயே வைத்திருந்தாள்.

கணவன் பிளாஸ்க் மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. மேலும் திருகினான்.

"அக்கா?"

அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, ஏன் சும்மா நிக்கற? காலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்களா? ஏதாவது பேசுக்கா. திட்டவாவது செய்யி. மாமா, எனக்குப் பயமா இருக்கு மாமா."

"இனிமே மறைக்க வேணாம் மாப்ள," என்றான் கணவன், மூடியைப் பார்த்தபடியே. பிறகு அவளை நிமிர்ந்து பார்க்காமல், "போன தடவை எனக்குப் பல்லு பிடுங்கினாங்களே, அப்போ ஒரு மாத்திரை குடுத்தாங்க. வலி நின்னதும் விட்டுட்டேன். மிச்சம் வேன்ல கெடந்துச்சு. காசு குடுத்து வாங்கின நல்ல மாத்திரை, வீணாப் போகுதேன்னு..."

"நான்தாங்க்கா கேட்டேன்," என்றான் தம்பி அவசரமாக. "போட்டதும் காய்ச்சல் விட்டுச்சு. சரியாப்போச்சுன்னு வேலைக்குப் போயிட்டேன். திரும்ப வந்ததும் திரும்பப் போட்டேன். சொன்னா நீ மாமாவைப் புரட்டி எடுத்துடுவ. அதான் ரெண்டு பேரும் பேசி வச்சு..."

"பேர் என்ன?" என்றாள்.

கணவன் நெற்றியைச் சுருக்கினான். "சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. பட்டை இன்னும் வேன்ல இருக்கு."

வார்டின் கதவு திறந்தது. எலும்பு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். முதல் கட்டிலில் நின்று ஏதோ கேட்டார். தம்பியின் கட்டிலுக்கு முன்னால் இன்னும் இரண்டே கட்டில்கள். அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் ஓடினான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் ஓடி அவள் பார்த்ததில்லை. கையில் பிளாஸ்க் இருப்பதுகூட நினைவில்லாமல், ஒரு செருப்பை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டு, தள்ளுவண்டிக்காரர் ஒருவரைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

"ம், நம்ம பெயிண்டர்," என்று எலும்பு டாக்டர் கையுறையை எடுத்தார். "கொஞ்சம் ஓரமா நில்லும்மா."

"சார், ஊசி வேணாம் சார். உள்ள கிருமி இருக்கு."

"ரெண்டு நிறத்துல இருக்காமே? உங்க டாக்டரம்மா மெசேஜ் பார்த்தேன்." அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல, களைத்தவரின் சிரிப்பு. "கழுவினது நீங்கதானே?"

அது நேராகப் பட வேண்டிய இடத்தில் பட்டது. இருந்தும் அவள் நகரவில்லை. "ரெண்டாவது சில்லு கன்ட்ரோலோட செஞ்சேன் சார். ரெண்டு கன்ட்ரோலும் சரியா வந்திருக்கு. டாக்டரம்மாவும் பார்த்தாங்க. இவன் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கான். அதனாலதான் தட்டுல முளைக்கல."

"சாப்பிடலன்னு சொன்னாரே?"

"பொய் சொன்னேன் சார்," என்றான் தம்பி. முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ன ஆன்டிபயாடிக்?"

"பட்டை வேன்ல இருக்கு சார், எடுத்துட்டு வர ஓடியிருக்கார்," என்றாள். எலும்பு டாக்டர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், கீழே வைத்தார், வாசலைப் பார்த்தார். அவள் மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேன் நிற்கும் இடத்துக்குப் போக ஒரு வராந்தா, ஒரு படிக்கட்டு, ஒரு முற்றம். அவளாக இருந்தால் இதற்குள் போய்த் திரும்பியிருப்பாள். இப்போது படியில் இருப்பான். இல்லை, முற்றத்தில். வேன் கதவில் சாவி சரியாக நுழையாது.

பிளாஸ்க் எதன்மேலோ மோதும் சத்தம் முதலில் வந்தது. பிறகு அவன் வந்தான். பேச மூச்சில்லை. கசங்கிய மாத்திரைப் பட்டையை நீட்டினான். எலும்பு டாக்டர் அதைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்தைப் படித்தார். அதே நேரத்தில் அவருடைய சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தார். டாக்டரம்மாவின் குரல் கட்டில்வரை கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை.

"ஆமா. ஆமா, பேர் கிடைச்சிடுச்சு. சுவரைத் தடுக்கற அதே ரகம்தான்." சற்று நேரம் கேட்டார். "சரி. நான் பார்த்துக்கறேன்." கைபேசியை வைத்துவிட்டு நர்ஸைப் பார்த்தார். "இந்தத் தட்டை எடுத்துடுங்க. தியேட்டர்ல சொல்லுங்க, மூட்டைத் திறந்து கழுவணும். இப்பவே."

தள்ளுவண்டியில் போகும்போது தம்பி அவள் கையைப் பிடித்தான். "ஏணி ஏறுவேனாக்கா?"

பதில் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. ஏறுவடா, ஏன் ஏற மாட்ட, ரெண்டு மாசத்துல ஏறிடுவ. அவள் அதைச் சொல்லவில்லை. "தெரியலடா," என்றாள். "உள்ள பார்த்தாத்தான் தெரியும்."

தியேட்டருக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள், உட்கார்ந்தாள். கால் மறுபடி மெஷின் மிதிக்கத் தொடங்கியது. கதவின் மேல் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முயன்றாள். கணவன் ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிளாஸ்கின் அடிப்பக்கம் நசுங்கியிருந்தது.

"திட்டிடேன்," என்றான் அவன் தாங்க முடியாமல். "உள்ளயே வச்சிருக்காத. எனக்கு என்னமோ பண்ணுது."

"இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"இருங்கன்னேன். ஊதா இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

விளக்கு அணைந்தது. எலும்பு டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வெளியே வந்தார். "சீழ் இருந்துச்சு. மூலையில ஒளிஞ்சிக்கிட்டிருந்துச்சு. நல்லாக் கழுவியாச்சு. எலும்பு மேல இருக்கற வழவழப்பு அரிக்கல, தப்பிச்சுது. அந்த ஊசியைப் போட்டிருந்தா..." மேலே சொல்லாமல் கையை விரித்தார். "மருந்து இனிமே நரம்பு வழியா, முழுசா. பாதியில நிறுத்தற பேச்சே கிடையாது. கால் மடங்கும். ஏணிக்கு அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க." நடந்தவர் திரும்பினார். "சில்லு நல்லா வந்திருந்துச்சுன்னு உங்க டாக்டரம்மா சொன்னாங்க."

அவள் தலையாட்டினாள். அவர் வராந்தாவின் வளைவில் மறையும்வரை பொறுத்திருந்தாள். காலடிச் சத்தமும் ஓய்ந்தது.

பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க," என்று தொடங்கினாள். "ஒரு மாத்திரையைப் பாதியில நிறுத்தறது முதல் தப்பு, நிறுத்தினதை வேன்ல வச்சது ரெண்டாவது தப்பு, அதை எடுத்து..."

வராந்தாவின் மறு கோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கணவன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டான். அன்று முழுக்க இறுகியிருந்த அவன் முகம் இப்போதுதான் தளர்ந்தது.